மாடித்தோட்டத்துக்கு ஐந்து லிட்டர் ஸ்ப்ரேயர்: இரண்டு வருடம் மருந்தடித்த பிறகு

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாற்பது பை வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், நாலு செம்பருத்தி, நீல டிரம்மில் ஒரு முருங்கை. மண் கலப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் ஒரு மாதிரி பிடிபட்டுவிட்டது, பூச்சி மட்டும் பிடிபடவில்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் அது பக்கத்துக் கத்தரிக்கும் போகும், வெண்டையில் அசுவினி வந்தால் எறும்பு வரிசை கட்டும். வாரம் ஒரு தடவை வேப்பெண்ணெய் அடித்தே ஆகவேண்டும், அதற்கு ஒரு ஸ்ப்ரேயர் வேண்டும். இந்தச் சின்னச் சாமானை ஒழுங்காக வாங்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது இரண்டு லிட்டர். ஆன்லைனில் 349 ரூபாய், மஞ்சள் கலர், தலையில் கட்டைவிரலால் அழுத்துகிற பட்டன். பெயர் சொல்லவில்லை, சொல்லியும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிற பாட்டில் நாலு பெயரில் நாலு விலைக்குக் கிடக்கிறது, ஸ்டிக்கர்தான் வேறு. பால்கனியில் ரோஜாவும் துளசியுமாகப் பத்துத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த அளவு போதும், அதை நான் குறை சொல்லமாட்டேன். நாற்பது பைக்கு இரண்டு லிட்டர் என்றால் ஒரு சுற்றுக்குள் மறுபடி மருந்து கலக்கக் கீழே இறங்கி ஏறவேண்டும், அதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகும்.

நாலாவது மாதம் ஒரு வேடிக்கை. காற்று அடித்துவிட்டுக் கையை எடுத்தால் கைப்பிடி தானாக மேலே எழும்புகிறது. அழுத்தி வைத்தால் மறுபடி மெதுவாக எழும்புகிறது, பேய் பிடித்த மாதிரி. பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன். குழாயின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர், குட்டிக் குடை மாதிரி இருந்தது. அதுதான் வால்வு. காற்றை உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது, சைக்கிள் வால்டியூப் செய்கிற அதே வேலைதான். அந்த ரப்பர் எண்ணெய் குடித்து ஊதிப்போய், ஓரம் சுருண்டு, மேலே சோப்புப் படலம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. வெந்நீரில் கழுவி மாட்டினேன், ஒரு வாரம் ஓடியது, அப்புறம் பழைய கதைதான். சாதாரண ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதும், நாம் அடிப்பதோ வேப்பெண்ணெய், பின்னே என்ன ஆகும்? அந்த நகம் அளவு ரப்பரைத் தேடிக் கடை கடையாக அலைந்தேன். விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பத்து ரூபாய் ரப்பர் கிடைக்காமல் முழு பாட்டிலும் பழைய சாமான்காரரிடம் போனது.

சரி, அடுத்தது வாங்குகிற வரைக்கும் சமாளிக்கலாம் என்று லால்குடியில் இருக்கிற அண்ணனிடம் வயலுக்கு மருந்தடிக்கிற பதினாறு லிட்டர் கைத்தெளிப்பானைக் கேட்டு வாங்கிவந்தேன். முதுகில் மாட்டிக்கொண்டு, இடது கையால் நெம்புகோலை ஆட்டிக்கொண்டே வலது கையால் அடிக்கவேண்டும். நிரப்பினால் தண்ணீர் மட்டுமே பதினாறு கிலோ. நான் ஐந்து லிட்டர்தான் ஊற்றினேன், அப்படியும் என் பைகளுக்கு நடுவில் இருப்பது ஒரு அடிச் சந்து, திரும்பினால் முதுகில் இருக்கிற டேங்க் மிளகாய்ச் செடியைத் தட்டிவிடும். வயலுக்கு அது சரியான சாமான். மாடியில் அதை மாட்டிக்கொண்டு நடப்பது சமையலறைக்குள் மாட்டுவண்டி ஓட்டுகிற மாதிரி.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஐந்தாறு நாள் கழித்துத் தக்காளிக் கொழுந்தெல்லாம் முறுக்கிக்கொண்டு, இலை நூல்நூலாக ஒடுங்கி, தண்டு வளைந்து நின்றது. வைரஸ் என்று நினைத்து நாலு செடியைப் பிடுங்கியும் போட்டுவிட்டேன். பேச்சுவாக்கில் அண்ணனிடம் சொன்னபோதுதான், "வரப்புல டூ ஃபோர் டி அடிச்சேன், ஆனா கழுவித்தானே குடுத்தேன்" என்றார். அந்தக் களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைக் கொல்வதற்கென்றே இருக்கிறது, தக்காளியும் பருத்தியும் அதற்கு ரொம்பவே பயந்த செடிகள், துளி பட்டாலே சுருண்டுவிடும். ரெண்டு தடவை தண்ணீர் விட்டு அலசினால் டேங்கிலும் டியூபிலும் இருப்பது முழுக்கப் போய்விடாது. அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை, வாங்கும்போதே கேட்காதது என் தப்பு.

அதற்குப் பிறகுதான் காந்தி மார்க்கெட் பக்கம் விவசாய சாமான் விற்கிற ஒரு பழைய கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவருக்கு எழுபது வயது இருக்கும்.

"எத்தன பை வச்சிருக்கம்மா?"

"நாப்பது இருக்குங்கய்யா."

"ஒரு சுத்துக்கு மூணு லிட்டருக்கு மேல ஆகாது. அஞ்சு லிட்டர் எடுத்துக்க."

எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். வாஷர், வால்வு ரப்பர், நாசில், குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பொட்டலங்கள். "இதுல எதுக்கு சாமான் கெடைக்குதோ அதுதாம்மா நல்ல கம்பெனி" என்றார். டேங்க் அவ்வளவு சீக்கிரம் கெடாது, கெடுவதெல்லாம் அந்தப் பொட்டலத்தில் இருப்பவைதான். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு 349 ரூபாயும் நாலு தக்காளியும் மிச்சம்.

950 ரூபாய் சொன்னார், குறைக்கவில்லை, ஆனால் கடைக்குள்ளேயே தண்ணீர் ஊற்றி அடித்துக் காட்டினார். நீங்களும் இதைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். இருபது இருபத்தைந்து தடவை பம்ப் அடித்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே வைத்தார், கைப்பிடி எழும்பவில்லை. மூடியைச் சுற்றி விரலில் தண்ணீர் தொட்டுத் தடவினார், குமிழி வரவில்லை. டிரிக்கரை அழுத்தி விட்டால் நுனியில் ரெண்டு சொட்டோடு நிற்கவேண்டும், ஒழுகிக்கொண்டே இருந்தால் உள்ளே ரப்பர் சரியில்லை. காற்றுத் திறந்துவிடுகிற குமிழை இழுத்தால் புஸ்ஸென்று சத்தம் வரவேண்டும். அந்தக் குமிழ் இல்லாத மாடலும் மலிவாகக் கிடைக்கிறது, அதைத் தொடவே வேண்டாம் என்றார். ஏன் என்று எனக்குப் பின்னால் புரிந்தது.

இப்போது சாமானைப் பற்றி. தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளமான டியூப், கையில் பிடிக்க நீளக் குழாய், நுனியில் பித்தளை நாசில். அந்தக் குழாயின் நுனி லேசாக வளைந்திருக்கிறது, நான் கொடுத்த காசு அந்த வளைவுக்கே தகும். அசுவினி, வெள்ளை ஈ, செம்பேன் எல்லாம் குடியிருப்பது இலைக்கு அடியில். இரண்டு லிட்டர் பாட்டிலில் கீழிருந்து மேல்நோக்கி அடிக்க பாட்டிலையே சாய்க்கவேண்டும், சாய்த்தால் உள்ளே இருக்கிற உறிஞ்சுகுழாய் மருந்தை விட்டு வெளியே வந்து வெறும் காற்றை உறிஞ்சும். இதில் டேங்க் தோளில் நேராகத் தொங்குகிறது, குழாயை மட்டும் திருப்பினால் போதும். செம்பருத்தியின் அடி இலைக்குக்கூடக் குனியாமல் அடிக்கிறேன், முட்டிவலிக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

நாசிலை இறுக்கினால் புகை மாதிரி பனித்துளி, தளர்த்தினால் ஈர்க்குச்சி மாதிரி நேர்கோடு. மாவுப்பூச்சிக்கு முதலில் வெறும் தண்ணீரை நேர்கோட்டில் பீய்ச்சி அந்த வெள்ளைப் பஞ்சைக் கலைத்து, கீழே விழுந்தது போக மிச்சத்துக்குத்தான் மருந்து. இலை நனைந்து சொட்டப் போகிற நேரத்தில் நிறுத்திவிடவேண்டும், அதற்கு மேல் அடிப்பது பைக்குள்தான் போகும்.

நிரப்புவதில் ஒரு விஷயம். நானும் ஆரம்பத்தில் கழுத்து வரை ஊற்றினேன். பத்து அடியிலேயே பம்ப் இறுகிவிடும், ஆஹா ஏறிவிட்டது என்று நினைப்போம், ரெண்டு செடிக்குள் புஸ்ஸென்று இறங்கிவிடும். பம்ப் இறுக்குவது தண்ணீரை இல்லை, அதற்கு மேலே இருக்கிற காற்றை. மேலே அரை லிட்டர்தான் காற்று இருக்கிறது என்றால் அரை லிட்டர் மருந்து வெளியே போனதும் அந்தக் காற்றுக்கு இடம் இரண்டு மடங்காகி, அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். ஒன்றரை லிட்டர் காற்று விட்டால் அதே இறக்கம் வர ஒன்றரை லிட்டர் அடிக்கலாம். முதலில் இருபது பம்ப் கூட அடிக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். நான் இப்போது மூன்றரை லிட்டரோடு நிறுத்திவிடுகிறேன்.

மருந்து கலப்பதில் தண்ணீர் பெரிய விஷயம் என்று இந்த ஸ்ப்ரேயர்தான் காட்டிக்கொடுத்தது. லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், ஒன்றிரண்டு மில்லி சோப்புக் கரைசல். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் சோப்பு விட்டால் திரிதிரியாகத் திரிந்து எண்ணெய் மேலே தனியாக மிதக்கிறது, அந்தத் திரிதான் போய் நாசிலை அடைக்கிறது. குழாயில் வருகிற காவிரித் தண்ணீரில் கலந்தால் மோர் மாதிரி வெள்ளையாக நிற்கிறது. முதலில் எண்ணெயையும் சோப்பையும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக அடித்துவிட்டு அப்புறம் டேங்கில் ஊற்றுகிறேன், வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கிறேன். பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு முப்பது மில்லி, பழைய வேட்டித் துணியில் ரெண்டு மடிப்பு போட்டு இரண்டு தடவை வடிகட்டவேண்டும். ஒரு தடவை போதாதா என்று கேட்காதீர்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். சாணமும் வெல்லமும் ஊறிய ஜீவாமிர்தக் கரைசலை இதில் ஊற்றவே வேண்டாம், அதை மொண்டு ஊற்ற பிளாஸ்டிக் மக் இருக்கிறது. அடைத்துக்கொண்டால் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும். வாயால் ஊதவும் வேண்டாம். நாசிலைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும்.

காற்றுத் திறக்கிற குமிழ் எதற்கு என்று பின்னால் புரிந்தது என்றேனே, அந்தக் கதை இது. மீன் அமிலம் அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சு, மருந்து தீர்ந்த மாதிரி தெரிந்தது, குமிழை இழுக்காமல் மூடியைத் திருகினேன். நாலாவது திருகில் பம்ப் என் கையை மீறி எழும்பி, அடியில் மிச்சமிருந்தது அவ்வளவும் முகத்திலும் புடவையிலும். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அந்த வாசனையோடு மாடிப்படி இறங்கியபோது பக்கத்து வீட்டுப் பூனை என் பின்னாலேயே வந்தது. இப்போது அடித்து முடித்ததும் முதல் வேலை குமிழை இழுப்பது. காற்றோடு வெயிலில் வைத்துவிட்டுப் போவதும் கூடாது, சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும், திருச்சி மே மாத வெயிலில் பிளாஸ்டிக்கும் நொறுங்க ஆரம்பிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. தோள் வாரின் கொக்கி ஆறு மாதத்தில் உடைந்தது, பழைய ஸ்கூல் பேக்கின் வாரை வெட்டித் தைத்துக்கொண்டேன். வாய் சின்னது, புனல் இல்லாமல் ஊற்றினால் பாதி காலில். லிட்டர் கோடு அச்சு அழிந்துவிட்டது, நெயில் பாலிஷால் நானே கோடு போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் பம்ப் வாஷர் ஒரு தடவை, வால்வு ரப்பர் ஒரு தடவை மாற்றினேன், இரண்டும் சேர்த்து 40 ரூபாய், அதே பிஸ்கட் டின். மாற்றும்போது எண்ணெய் தாங்குகிற ரப்பர் வேண்டும் என்று சொல்லிக் கேட்டேன், அது இன்னும் ஊதவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி டியூப் வழியாக அடித்துக் காலி செய்கிறேன், மூடியைத் திறந்து கவிழ்த்து வைக்கிறேன். சோம்பலில் ஒரு வாரம் அப்படியே விட்டால் அடுத்த வாரம் அரைமணி நேரம் நாசிலோடு மல்லுக்கட்டவேண்டும்.

பேட்டரி ஸ்ப்ரேயர் வாங்கலாமா என்று என் வீட்டுக்காரர் இப்போதும் கேட்கிறார். நூறு பைக்கு மேல் இருந்தால் வாங்குங்கள். எனக்கு முப்பது பம்ப் அடிப்பது ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியவில்லை, சார்ஜ் போட மறப்பதுதான் எனக்கு இயல்பு.

டேங்கின் மேல் பெர்மனென்ட் மார்க்கரால் கொட்டை எழுத்தில் "களைக்கொல்லி ஊற்றக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் அண்ணன் வந்தபோது மாடியைச் சுற்றிப் பார்த்தார், அதைப் படித்தார், ஒன்றும் சொல்லாமல் இரண்டு கத்தரிக்காயைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.