இரவிலும் சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது: ஒரு மேசை விளக்கு பற்றி

நீர்வண்ணத்தில் முகங்கள் வரைகிறேன். பகலில் வேறு வேலை என்பதால் தூரிகையைத் தொடுவது இரவில்தான். இந்த எல்இடி மேசை விளக்கு சில மாதங்களாக என் பலகைக்கு மேல் எரிகிறது. வண்ணத்தோடு புழங்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். படிப்பதற்கு மட்டும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம்.

பெட்டியில் பொடி எழுத்தில் இருந்த இரண்டு எண்களுக்காகத்தான் இதை எடுத்தேன்: சிஆர்ஐ 95, ஆர்9 90. விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பதற்குப் போடும் மதிப்பெண்தான் சிஆர்ஐ. உச்சம் 100. ஆனால் அது 8 வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் சேராது. அதற்குத் தனியாக ஆர்9 பார்க்க வேண்டும். சிஆர்ஐ 80 என்று போட்ட பல்பில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம், அதற்குக் கீழேயும் போகலாம். ஆர்9 அச்சிடாத விளக்கை நான் வாங்குவதில்லை.

சாதாரண வெள்ளை எல்இடியில் நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர், அதாவது நீல ஒளியை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பொருள், பூசியிருப்பார்கள். இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் ஆழ்ந்த சிவப்பு மெலிந்துபோகிறது. கன்னம், உதடு, காதுமடல் எல்லாம் உயிர் பெறுவது அந்தச் சிவப்பில்தான். அது குறைந்தால் தோல் சாம்பல் பூத்துத் தெரியும், இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்றலாமே என்று கை போகும். அப்படி ஏற்றிய முகம் காலை வெளிச்சத்தில் காய்ச்சல் கண்டதுபோல் நிற்கும்.

கண் பழகிக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான், மஞ்சள் வெளிச்சத்தில் சிறிது நேரம் இருந்தாலே காகிதம் மறுபடி வெள்ளையாகிவிடும். ஆனால் ஒளியில் இல்லாத சிவப்பை எந்தக் கண்ணாலும் வரவழைக்க முடியாது.

நான் செய்து பார்த்த சோதனையை நீங்களும் செய்யலாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து ஒரு சாம்பல், கறுப்பை நீர்க்கச் செய்து இன்னொரு சாம்பல். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்வரை சரிசெய்து பக்கத்தில் பக்கத்தில் பூசினேன். என் பழைய பல்பின் கீழ் இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. இந்த விளக்கில், தேடிப் பார்த்தால்தான் வித்தியாசம். இதற்காகவே இதை விரும்புகிறேன்.

ஒரே ஒரு நிறத்தில் இது பகலுக்கு ஈடாகவில்லை: காகிதத்தின் வெள்ளை. வெண்மையூட்டி சேர்த்த காகிதம் பகலொளியின் புற ஊதாவை வாங்கி நீலம் கலந்து ஒளிரும். இந்த விளக்கில் புற ஊதா இல்லாததால் அதே தாள் சற்றுப் பழுப்பாகத் தெரிகிறது. வெண்மையூட்டி கலக்காத பருத்தித் தாளில் இந்தச் சிக்கல் இல்லை.

ஒளியின் சாயலை மாற்ற 2700 (மஞ்சள் கலந்தது), 4000, 5000 (பகலொளியை ஒட்டிய வெள்ளை) கெல்வின் என மூன்று நிலைகள் உண்டு. வரைய 5000 மட்டுமே. மங்கலாக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். வெளிச்சம் குறையக் குறைய நிறங்களின் செறிவும் குறைந்துதான் தெரியும், அது எந்த விளக்கானாலும் அப்படித்தான். விளக்கின் கை இன்னும் ஒரு சாண் நீளமாக இருந்திருக்கலாம். பெரிய தாளின் தூர மூலை இருட்டடிக்கிறது, அங்கே வரையும்போது தாளைத் திருப்பிக்கொள்கிறேன்.