சுவரில் ஒரு பாயிண்ட்: தண்டையார்பேட்டையில் மின்சாரக் காரோடு 18 மாதம்

2024 ஜூலையில் வண்டி எடுத்தேன். இன்று காலை வரை 18,400 கி.மீ. ஓடியிருக்கிறது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்காதீர்கள், நான் சொல்லவருவது வண்டியைப் பற்றியே இல்லை. 35 கிலோவாட் ஹவர் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, பச்சை நம்பர் பிளேட், நாலு பேர் வசதியாகவும் ஐந்து பேர் சண்டை போட்டுக்கொண்டும் உட்காரலாம். இது தெரிந்தால் போதும். வண்டி நல்ல வண்டிதான். பதினெட்டு மாதத்தில் நான் பட்ட பாடெல்லாம் வண்டிக்கு வெளியே, வீட்டுச் சுவரில் இருக்கும் அந்த ஒரு பாயிண்டில்தான்.

வீடு அப்பா காலத்து வீடு, நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஷோரூமில் "பதினஞ்சு ஆம்ப்ஸ் பாயிண்ட் இருந்தா போதும் சார், போன் சார்ஜ் போடற மாதிரிதான்" என்றார்கள். பாயிண்ட் இருந்தது, போட்டேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு. பிடுங்கித் திரும்பப் போட்டேன், மறுபடியும் சிவப்பு. டெலிவரி எடுத்த அன்று ராத்திரி, பூ மாலையோடு நிற்கும் புது வண்டிக்கு முன்னால், டார்ச்சும் கையுமாக யூசர் மேனுவல் படித்துக்கொண்டிருந்தவன் இந்தத் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எர்த் ஃபால்ட் என்று போட்டிருந்தது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் ஒரு குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, இரண்டு ஒயரை நீட்டி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். ஒழுங்கான எர்த் இருந்தால் பளிச்சென்று எரியவேண்டிய பல்பு, அகல் திரி மாதிரி சிவந்துவிட்டு அணைந்துபோனது. "இன்னா சார், வூட்ல எர்த்தே இல்லையே, இத்தினி வருஷம் ஃபிரிஜ்ஜை எப்டி தொட்டுனு இருந்தீங்க" என்றார். ஒயரைத் தேடிப் பிடித்துக்கொண்டே போனால், அந்தக் காலத்தில் எர்த் ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் சில வருஷத்துக்கு முன்னால் குழாயை பி.வி.சி.யாக மாற்றியபோது இரும்பும் போனது, கூடவே எர்த்தும் போனது. யாருக்கும் தெரியவில்லை. ஃபேனுக்கும் டிவிக்கும் அது தேவைப்படவில்லை, வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை கார்தான் முதலில் கேட்டது.

சந்து மாதிரி இருக்கும் பக்கவாட்டில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு மூடினார்கள். ஆறடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது, வாயில் வைக்க முடியாத உப்பு. இந்த உப்புத் தண்ணீர் எர்த்துக்கு ரொம்ப நல்லது, ஆனால் இரும்பைத் தின்றுவிடும், செம்புக் கம்பியே போடுங்கள் என்றார், போட்டோம். அன்று சாயங்காலம் பச்சை விளக்கைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சாவி வாங்கியபோதுகூட வரவில்லை.

அது முடிந்தது என்று பார்த்தால் மூன்றாவது வாரம் பிளாஸ்டிக் கருகும் வாடை. அயர்ன் பாக்ஸும் கீசரும் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும், கார் அப்படி இல்லை, 12, 13 ஆம்பியரைப் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். சாதாரண சாக்கெட் அதற்குத் தாங்காது. தொட்டுப் பார்த்தால் சுட்டது, ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு ஏறியிருந்தது. மீட்டர் போர்டிலிருந்து தனியாக நாலு ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் இழுத்து, அதற்கென்று தனி எம்.சி.பி. (லோடு கூடினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) வைத்து, இண்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டினேன். வண்டி வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள், இரண்டு தடவை கூலி கொடுக்கவேண்டாம். இன்னொன்று, சாக்கெட்டை முழங்கால் உயரத்தில் வைக்காதீர்கள், நம் ஏரியா மழையை யோசித்து நெஞ்சுயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் ஃபியூஸ் போன கதை. எங்கள் வீட்டு கனெக்ஷன் சிங்கிள் ஃபேஸ், நாலு கிலோவாட். சுவரில் மாட்டும் ஏழு கிலோவாட் சார்ஜரை இதில் நினைத்தே பார்க்கக் கூடாது, அதற்கு த்ரீ ஃபேஸ் வாங்கவேண்டும். சாதா சார்ஜரே கிட்டத்தட்ட 2.8 கிலோவாட் இழுக்கிறது. ராத்திரி பதினொன்றுக்குப் போட்டால் காலை பத்துக்குத்தான் நிறையும். கூட பெட்ரூமில் ஏ.சி. ஓடினால் நாலைத் தொட்டுவிடும். இதுவரை சரி. விடியற்காலை மெட்ரோ தண்ணீர் வரும், அம்மா எழுந்துபோய் மோட்டார் சுவிட்சைத் தட்டுவார், டப். வீடே இருட்டு. "காருக்குக் கரன்ட் இருக்கு, குடிக்கத் தண்ணி புடிக்கக் கரன்ட் இல்ல" என்று அம்மா அந்த இருட்டில் சொன்னதை இன்றுவரை எல்லா உறவுக்காரர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது டைமர் வைத்திருக்கிறேன், நாலு மணிக்குச் சார்ஜ் நின்றுவிடும். தினமும் வேலைக்குப் போய்வர (வியாசர்பாடி, பெரம்பூர், பாடி வழியாக அம்பத்தூர் எஸ்டேட்) அந்த ஐந்து மணி நேரமே தாராளம்.

சரி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன், கரன்ட் பில். ஷோரூம் கணக்கில் யூனிட் ஐந்து ரூபாய், கிலோமீட்டருக்கு எழுபது பைசா. அந்தக் கணக்கு நம்மூர் ஸ்லாபை (யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் முறையை) மறந்துவிட்டுப் போட்ட கணக்கு. வண்டி வருவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகும். 2024 ஜூலை விலைப்படி முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.35, அதற்கு மேல் 400 வரை 4.70, ஆக 1,081 ரூபாய். வண்டி மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது, இரண்டு மாதத்துக்குச் சுமார் 312 யூனிட் (பேட்டரிக்குள் போவதைவிட மீட்டரில் பத்து சதவீதம் கூடவே ஓடும், சூடாகப் போய்விடுகிறது). மொத்தம் 692. இங்கேதான் சூட்சுமம்: 500 யூனிட்டைத் தாண்டிய நிமிடம், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும். 2.35 இருந்த இடத்தில் 4.80 வந்து உட்காரும், 500க்கு மேல் 8.55, 600க்கு மேல் 9.65. பில் 3,828 ரூபாய். அதாவது வண்டியால் கூடியது 2,747, யூனிட்டுக்கு 8.80, கிலோமீட்டருக்கு 1.37. எழுபது பைசாவுக்கு இரண்டு மடங்கு. அப்படியும் என் பழைய பெட்ரோல் வண்டி டவுனுக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்துக்கொண்டிருந்தது, இதே 2,000 கிலோமீட்டருக்குப் பதினாறாயிரத்துக்கு மேல் போயிருக்கும். லாபம்தான், சந்தேகமே இல்லை. சொல்கிற பொய்யை இவ்வளவு பெரிதாகச் சொல்லவேண்டிய அவசியம் என்ன என்பதுதான் என் கேள்வி.

ஓட்டுவது சுகம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது அதன் நடுவில் மாட்டியவர்களுக்குத் தெரியும், கிளட்ச் மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போகும். இதில் கிளட்ச் இல்லை, நின்றால் இன்ஜின் உறுமுவதில்லை, ஏ.சி.யை மட்டும் ஓடவிட்டு ஒரு மணி நேரம் நின்றாலும் மூன்று சதவீதம்தான் குறைகிறது. டவுனில் முழு சார்ஜுக்கு 240, நல்ல நாளில் 250. ஒரே சங்கடம் சத்தம் இல்லாதது. எங்கள் தெருவில் நடுரோட்டில் நின்று பேசுவது பரம்பரை உரிமை, பின்னால் வண்டி வந்து நிற்பது யாருக்கும் தெரிவதில்லை, ஹாரன் அடித்தால் கோபம், அடிக்காவிட்டால் "பூனை மாதிரி வந்து நிக்கிறியே நைனா" என்று அதற்கும் கோபம்.

புகையில்லாத வண்டி என்று மட்டும் நான் யாரிடமும் பெருமை பேசுவதில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சிம்னி எண்ணூர்ப் பக்கம் போனால் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, 2024 மார்ச்சில் அங்கே இன்னொரு 800 மெகாவாட்டையும் திறந்தார்கள். அண்ணா நகர்க்காரர் மின்சாரக் கார் ஓட்டினால் அவருக்குப் புகை வேறெங்கோ. நமக்கு அந்த வேறெங்கோ பக்கத்து ஊர். காலையில் பானெட்டைத் துடைத்தால் துணியில் வருகிற கறுப்புத் தூளைப் பார்த்துக்கொண்டே சார்ஜர் கன்னை (வண்டியில் செருகும் பிடியை)ப் பிடுங்குகிறேன். கடல் காற்று வேறு. கன்னின் மூடியைப் போடாமல் வெளியே தொங்கவிட்டால் உப்பும் தூளும் பின்களில் ஏறிவிடும், நான் வீட்டுக்குள் எடுத்துவைத்துவிடுகிறேன்.

மழை. 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக விட்டபோது நானும் பெரம்பூரில் மேட்டில் இருக்கும் மாமா வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன். பேட்டரிக்கு ஐ.பி.67, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று ஆறுதல் சொல்வார்கள். அது பேட்டரிப் பெட்டிக்கு மட்டும். சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் ஒயரிங் கனெக்டருக்கும் யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை, தவிர சாக்கடை கலந்த தண்ணீர் அரை மணி நேரத்தில் வடிந்துவிடும் என்பதற்கு யார் பொறுப்பு? கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எந்த வண்டியாக இருந்தாலும் திருப்பிக்கொண்டு போய்விடுவது உத்தமம்.

ஒரே ஒருமுறை வண்டி காலை வாரியது. பதினோராவது மாதம், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருக்கிறது, கதவே திறக்கவில்லை. பார்த்தால் முன்னால் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது. லாக், திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் காண்டாக்டர், எல்லாம் அந்தச் சின்னதை நம்பித்தான். யானை இருக்கிறது, அங்குசம் இல்லை. சர்வீஸில் மூன்று நாள் வைத்துக்கொண்டு, "டேஷ் கேமை ராத்திரியில் ஓடவிட்டீர்களா" என்று என்னையே குறுக்கு விசாரணை செய்துவிட்டு வாரன்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். டேஷ் கேம் என்னிடம் இல்லை.

வெளியூர் என்றால் திருப்பதி. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, புத்தூர் வழி. 110 கிலோமீட்டரில் 52 சதவீதத்துக்கு வந்தோம், சார்ஜிங் ஆப்பில் பச்சையாகக் காட்டிய இடத்தில் நிறுத்தினால் மெஷின் இருட்டாக நிற்கிறது. வாட்ச்மேன், பத்து நாளாக இப்படித்தான் என்றார். வண்டியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், யாரும் எதுவும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சுற்றி வந்து பார்த்தால் மெஷினின் பக்கவாட்டில் எமர்ஜென்சி சிவப்பு பட்டனை யாரோ அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைத் திருகினால்தான் வெளியே வரும். திருகினேன், உர்ரென்று ஃபேன் சுற்றி உயிர் வந்தது. பத்து நாளாக எத்தனை பேர் வந்து திரும்பிப் போனார்களோ. முப்பத்தைந்து நிமிடத்தில் 90 ஏறியது, ஜி.எஸ்.டி.யோடு யூனிட் 24 ரூபாய். மலை ஏற 20 சதவீதம் தின்றது, இறங்கும்போது பிரேக்கை அதிகம் தொடாமல் ரீஜெனில் (வேகத்தைக் குறைக்கும்போதே பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் முறை) விட்டதில் 57ல் கிளம்பி அடிவாரத்து அலிபிரியில் 60. பெருமாள் புண்ணியத்தில் மூன்று சதவீதம் என்று மனைவி சொன்னார், நானும் விளக்கம் கொடுக்கவில்லை.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் 80க்கு மேல் போடாதே என்பார்கள், அது வேறு வகை பேட்டரிக்கு. எல்.எஃப்.பி.யை வாரம் ஒருமுறையாவது மெதுவான சார்ஜில் 100 வரை கொண்டுபோனால்தான் அது காட்டும் சதவீதக் கணக்கு சரியாக இருக்கும், நான் ஒரு மாதம் விட்டுப் பார்த்தபோது 14ல் இருந்து ஒரே தாவாக 8க்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் மோட்டார், ஏ.சி. தொந்தரவு இல்லாமல் நிரப்பிவிடுகிறேன்.

இப்போது கீழ் போர்ஷன் தம்பி மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். தெருவிலேயே உருப்படியான எர்த் இங்கேதான் இருக்கிறது என்று எப்படியோ செய்தி போயிருக்கிறது, "அண்ணே, ராத்திரி உங்க பாயிண்ட்ல போட்டுக்கட்டுமா, யூனிட்டுக்கு அஞ்சு ரூபா குடுத்துடறேன்" என்றார். அந்த ஸ்லாபில் எனக்கு 9.65 ஆகிறது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டேன். சப் மீட்டர் மாட்ட எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.