ஒருபோக ஸ்ட்ராபெர்ரியா, எவர்பேரிங் ஸ்ட்ராபெர்ரியா?

இரண்டையும் வளர்த்துப் பார்த்தாயிற்று. இப்போது என் தோட்டத்தில் மிஞ்சியிருப்பது எவர்பேரிங் மட்டும்தான், அதனால் நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொல்லப் போவதில்லை.

முதலில் பெயர்க் குழப்பம். ஜூன்பேரிங் என்பது சுத்தமான ஒருபோகம். பகல் சுருங்கும் குளிர்ந்த நாட்களில் உள்ளே மொட்டுக் கட்டி வைத்துக்கொண்டு, அடுத்த கோடைத் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குள் அத்தனையையும் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். எவர்பேரிங் என்றால் எந்நேரமும் காய்க்கும் என்று நினைத்துவிட வேண்டாம். குவினால்ட், ஓசார்க் பியூட்டி மாதிரிப் பழைய ரகங்கள் கோடையின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை காய்க்கும். ஆல்பியன், சீஸ்கேப் எல்லாம் டே நியூட்ரல், பகல் நீண்டாலும் குறுகினாலும் விட்டு விட்டுக் காய்த்துக்கொண்டே இருக்கும். நாற்று விற்பவர்கள் பல நேரம் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள், நானும் சேர்த்தே பேசுகிறேன்.

சுவை ரகத்தைப் பொறுத்தது. மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை, நல்ல வெயில், நடுக்குருத்து மண்ணுக்குள் புதையாமல் நடுவது, இதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது ரன்னர், அதாவது தரையோடு ஓடிப் புதுச் செடி வைக்கும் ஓடுதண்டு. ஒருபோகச் செடி காய்த்து முடித்ததும் செய்கிற ஒரே வேலை நாலாபக்கமும் ரன்னர் விடுவதுதான். ஒரு டஜன் நாற்றை நன்றாக இடம் விட்டு நட்டேன், இரண்டாம் வருடம் பாத்தியில் மண்ணே தெரியவில்லை, எது தாய் எது பிள்ளை என்று எனக்கே அடையாளம் தெரியாமல் போயிற்று. நெருக்கத்தில் காற்று புகாது, காற்று புகாவிட்டால் சாம்பல் பூஞ்சணம், பழம் சிவக்கும்போதே அழுகும். சரி என்று ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் இலையை வெட்டி, செடிகளைக் கலைத்து, 15 செ.மீ.க்கு ஒன்றாக விட்டுவிட்டு மீதியைப் பிடுங்க வேண்டும். ஒரு வருடம் சோம்பலில் விட்டேன், அடுத்த வருடம் வந்த பழம் சுண்டைக்காய் அளவு. மூன்று வாரப் பழத்துக்கு இவ்வளவா?

எவர்பேரிங்கும் ரன்னர் விடும், ஆனால் கொஞ்சம். பழம் பறிக்கப் போகும்போதே கிள்ளிவிடலாம், தனி வேலை கிடையாது. 30 செ.மீ. இடைவெளி போதும், தொட்டியிலும் அடங்கும். நட்ட வருடமே சாப்பிடவும் கிடைக்கும். முதல் ஆறு வாரம் பூவைக் கிள்ளிப் போட மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள். ஒருபோகத்தில் முதல் வருடம் முழுக்கக் கிள்ள வேண்டும்.

ரன்னர் குறைவு என்பதில் ஒரு வினையும் இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் தாய்ச்செடி தளர்ந்துவிடும், அப்போது மாற்று நடக் கையில் நாற்று இருக்காது. நான் இரண்டு செடிகளை மட்டும் கிள்ளாமல் விட்டு, வரும் ரன்னரைச் சின்னத் தொட்டி மண்ணில் ஹேர்பின் குத்தி நிறுத்துகிறேன், சில வாரத்தில் வேர் பிடித்துவிடும்.

அப்புறம் பசி. காய்த்துக்கொண்டே இருக்கிற செடிக்கு உரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வேர் மேலாகவே இருப்பதால் வெயில் நாளில் ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் முகம் வாடிவிடும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூப்பதும் நின்றுபோகும். முதல் தடவை செடி போயிற்று என்றே நினைத்தேன், குளிர்ந்ததும் மறுபடி பூத்தது. பூவிலிருந்து பழத்துக்கு நாலு வாரம் என்பதால் நடுவில் பழமே இல்லாத ஒரு இடைவெளி வரும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜாம் போடுகிறவர்களுக்கு ஒருபோகம்தான் சரி. எவர்பேரிங் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி தரும், ஜாமுக்குச் சேர்ப்பதற்குள் முதலில் பறித்தது கெட்டுப்போகும் (ஃப்ரீசரில் போட்டுச் சேர்க்கலாம், என் வீட்டில் அதுவரை யார் விடுகிறார்கள்). பழத்தில் முட்டையிடும் சின்ன ஈக்கள் கோடை போகப் போகப் பெருகும், ஒருபோகம் அதற்குள் அறுவடை முடிந்து தப்பித்துவிடும் என்பதும் உண்மை.

தொங்கும் தொட்டியில் எவர்பேரிங்கை ஒரே ஒரு பருவம்தான் வைத்தேன். நத்தைத் தொல்லை இல்லை, ஆனால் மண் படுவேகமாகக் காய்ந்தது. அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல எனக்கு இன்னும் ஒரு கோடையாவது வேண்டும்.