பிஜிஎம்ஐயா, வாலரண்டா?

கேமிங்கையே பிழைப்பாக்க நினைக்கும் இந்தியப் பையன்கள் பெரும்பாலும் இந்த இரண்டு துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். பிஜிஎம்ஐ போனில் ஆடுவது, வாலரண்ட் கணினியில் ஆடுவது.

பிஜிஎம்ஐக்குச் செலவு குறைவு. ஓரளவு நல்ல போன், வியர்வையில் கட்டைவிரல் வழுக்காமல் இருக்க ஒரு விரலுறை, கூட மூன்று பேர். அவ்வளவுதான். ஆனால் போட்டிகளில் ஒரே களத்தில் பதினாறு அணிகள் வரை இறங்கும். உயிர்பிழைக்க உள்ளேயே இருக்க வேண்டிய பாதுகாப்பு வட்டம் நேரம் போகப் போகச் சுருங்கும்; அது எதிர்த்திசையில் சுருங்கினால் நன்றாகச் சுடுகிறவனும் அம்போதான்.

வாலரண்டில் அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு இடமில்லை. ஐந்துக்கு ஐந்து, முதலில் 13 சுற்று வென்றவர்களுக்கு ஆட்டம். ஒரு அணி ஸ்பைக்கை, அதாவது குண்டை, வைத்துவிட்டால் வெடிக்க 45 நொடி. எதிரணி அதைச் செயலிழக்கச் செய்ய 7 நொடி. பாதி முடித்து விட்டுவிட்டு ஓடினாலும் அந்தப் பாதி அப்படியே இருக்கும். திரும்பி வந்து மீதியை முடிக்கலாம். அந்த மூன்றரை நொடி தைரியத்தைப் பார்ப்பதற்காகவே நான் ஆட்டம் பார்ப்பேன். சரி, கணினி, மானிட்டர், நல்ல இணைப்பு என்று வீட்டில் யாரிடம் கேட்பது? அங்கேதான் பலருக்கு இடிக்கிறது.

இன்னொன்று, விளையாட்டே காணாமல் போகும் ஆபத்து. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடையானது. அதன் இடத்துக்கு 2021இல் வந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. பத்து மாதம். சம்பளத்தை நம்பியிருப்பவனுக்கு அது சின்ன இடைவெளி இல்லை. வாலரண்டுக்கு இங்கே அப்படி நேர்ந்ததில்லை. வீட்டில் கணினி இருந்தால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.