சல்ட்ரி, ஸ்வெல்டரிங், மக்கி: மதுரைப் புழுக்கத்துக்கு எது சரி?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சித்திரைத் திருவிழாவைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவள், "சித்தி, புழுக்கமா இருந்துச்சுங்கறதுக்கு சல்ட்ரின்னு போடவா, ஸ்வெல்டரிங்னு போடவா?" என்று கேட்டாள். அகராதியைப் புரட்டினால் இந்த இரண்டுக்கும், கூடவே மக்கி என்ற சொல்லுக்கும், சுற்றிச் சுற்றிப் புழுக்கம் என்றே வருகிறது. எனக்கு அது ஒப்பவில்லை.

மதுரையில் இருப்பவர்களுக்கு வெக்கை வேறு, புழுக்கம் வேறு. கொடியில் போட்ட துணியே சொல்லிவிடும். சித்திரை மத்தியானம் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி கொஞ்ச நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிட்டால் அது வெக்கை. தரையும் சுவரும் வாங்கி வைத்த சூட்டை நம்மேல் திருப்பி அடிப்பது. வானம் மூடிக்கொண்டு, வேப்ப மரத்தில் ஓர் இலைகூட அசையாத ராத்திரியில் அதே வேட்டி விடிந்தும் நசநசவென்று கிடந்தால் அது புழுக்கம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடம்புச் சூடும் இறங்குவதில்லை, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்போது ஆங்கிலச் சொற்களுக்கு வருவோம். ஸ்வெல்டர் வந்தது 'ஸ்வெல்டன்' என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து. அதற்குப் பொருள் சாவது. பிறகு மயங்கி விழுவது, அப்புறம் சூட்டில் துவண்டுபோவது என்று பொருள் மெல்ல நகர்ந்திருக்கிறது. "வெயில் கொல்லுது" என்று நாம் சொல்கிறோமே, அதேதான். இந்தச் சொல் ஈரம், வறட்சி என்று பிரித்துப் பார்ப்பதில்லை, மனிதன் படும் பாட்டைத்தான் பார்க்கிறது.

சல்ட்ரியும் அதே குடும்பம்தான். வழக்கொழிந்துபோன 'சல்டர்' என்ற வினை ஸ்வெல்டருக்கு உறவு. அதிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சல்ட்ரி வந்தது. இன்று அது காற்றில்லாத, ஈரம் கனத்த சூட்டையே பெரும்பாலும் குறிக்கிறது. மக்கி வந்த வழியே வேறு. அதன் வேர் ஸ்காண்டிநேவியப் பக்கத்தில் மூடுபனியையும் தூறலையும் குறித்த ஒரு சொல். பிறப்பில் அதற்குள் சூடே கிடையாது. ஐப்பசியில் மழை விட்டதும் தெருவெல்லாம் பிசுபிசுக்குமே, அதற்கு வைத்துக்கொள்ளலாம். சித்திரைக்குச் சேராது.

நம் சொல்லோ அடுப்படியில் பிறந்தது. புழுங்குவது என்றால் அவிவது. நெல்லை அவித்தால் புழுங்கல் அரிசி. பொருநராற்றுப்படையில் விருந்தாக வரும் 'துருவையம் புழுக்கு' வெந்த செம்மறி ஆட்டுக்கறிதான். ஆக, புழுக்கம் என்று சொல்லும்போது நாமே இட்லிப் பானைக்குள் இருக்கிறோம். அந்த மூன்று ஆங்கிலச் சொல்லிலும் இது கிடையாது, அதனால்தான் எனக்கு நம் சொல்மேல் இவ்வளவு ஆசை.

ஆனாலும் சல்ட்ரிதான் கிட்டத்தில் வருகிறது. இரண்டுமே உடம்பை விட்டு மனசுக்குள்ளும் போயிருக்கின்றன, ஆனால் வேறு வேறு திசையில். மனப்புழுக்கம் என்றால் வெளியே சொல்ல முடியாத குமைச்சல், பொறாமை. சல்ட்ரி போனது காமத்தின் பக்கம். ஒரு பெண்ணின் பார்வையை, குரலை அப்படி எழுதினால் மயக்குகிற என்று பொருள். அதனால் வானிலைக்கு மட்டும் போடு, ஆளுக்குப் போடாதே என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்புறம் கட்டுரையை வாசித்துப் பார்த்தால் இரண்டு சொல்லுக்குமே இடம் இருந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முந்தின ராத்திரியே வந்து, வைகைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற இடத்தில் சல்ட்ரி. மறுநாள் வெயில் ஏறி, ராமராயர் மண்டபத்தில் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுகிற இடத்தில் ஸ்வெல்டரிங். அங்கே தொப்பலாக நனைந்த பாவாடை வீடு வந்து சேர்வதற்குள் காய்ந்துவிட்டது என்று அவளே எழுதியிருந்தாள்.