எஸ்பிரெஸோ மெஷினும் எங்கள் ஊர்த் தண்ணீரும்

எஸ்பிரெஸோ காப்பி மெஷினின் பம்ப் எத்தனை பார் அழுத்தம், தூள் போடுகிற கூடை எத்தனை மில்லிமீட்டர், கிரைண்டர் உள்ளேயே இருக்கிறதா என்பதையெல்லாம் விற்கிறவர்களே விலாவாரியாகப் போட்டிருக்கிறார்கள். மதுரையில் இந்த மெஷினை வைத்துப் புழங்குகிறவனாக நான் சொல்ல வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். ஒன்றரை வருஷத்துக்கு மேலாகத் தினமும் ஓடிய மெஷின் போன மாதம் படுத்துவிட்டது. காரணம் உப்பு.

முதலில் சத்தம் மாறியது. பம்ப் கம்மிப்போய் இழுத்தது. 18 கிராம் தூள் போட்டால் 36 கிராம் காப்பி 25, 30 விநாடியில் இறங்க வேண்டும். அதே கொட்டை, அதே அரைப்பு, ஆனால் சொட்டுச் சொட்டாக வடிந்தது. வாயில் வைத்தால் புளிப்பு. தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் வந்தால்தான் புளிப்போடு இனிப்பும் கசப்பும் சேர்ந்து இறங்கும். ஹீட்டரின் உள்சுவரில் உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேராது. அப்புறம் ஒருநாள் காலையில் நீராவி மட்டும்தான் வந்தது, தண்ணீர் வரவேயில்லை.

கம்பெனிக்கு மதுரையில் சர்வீஸ் சென்டர் கிடையாது. பெட்டியில் கட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். படமும் வீடியோவும் அனுப்பியதுமே, ஹீட்டரை முழுசாக மாற்றணும், உப்பால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று புது மெஷின் விலையில் பாதியைச் சொன்னார்கள். உப்பில்லாத தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கையேட்டில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உப்பு நீக்கச் சொல்லி எரிகிற விளக்கு, ஓடிய தண்ணீரின் அளவைத்தான் கணக்கு வைக்கிறது. தண்ணீரில் இருக்கும் உப்பை அது பார்ப்பதே இல்லை. நம் தண்ணீரின் கடினத்தன்மையை மெஷினில் நாமே குறித்து வைக்கலாம். முதல் நாளிலிருந்தே நான் அதை அதிகபட்ச அளவில்தான் வைத்திருந்தேன். விளக்கு எரிந்தபோதெல்லாம் கழுவினேன். அப்படியும் அடைத்தது. கையேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, போர் தண்ணீரில் பிழைக்கிற ஊர்களில் கொண்டுவந்து விற்பது எந்த ஊர் நியாயம்?

சிம்மக்கல் பக்கம் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். காப்பி மெஷினை அவர் அதுவரை கழற்றியதில்லை. "மோட்டார், ஹீட்டர், வால்வு, அம்புட்டுதான தம்பி" என்று பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார். மின்சாரத்தில் திறந்து மூடுகிற சோலினாய்டு வால்வின் துவாரம் குண்டூசி நுழைகிற அளவுதான். மெல்லிய கம்பியை விட்டுத் தட்டினார். உடைந்த முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகத் துகள் உதிர்ந்தது. எலுமிச்சை உப்புக் கரைசலில் அதைப் போட்டதும் பொசபொசவென்று நுரைத்துக் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. முட்டை ஓடும் அதுவும் ஒரே சரக்குதான், கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருக்கிற பைகார்பனேட் சூடு பட்டுப் பிரிந்து இப்படிப் படிகிறது. அதே கரைசலை ஹீட்டருக்குள்ளும் ஓட்டி, வால்வை மட்டும் மாற்றினார். ஹீட்டருக்கு ஒன்றுமே இல்லை. கம்பெனி சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

போர் தண்ணீரையா ஊற்றினாய் என்று கேட்பீர்கள். இல்லை, 20 லிட்டர் கேன். டிடிஎஸ் மீட்டர் வாங்கிக் கேனுக்குக் கேன் அளந்தேன். ஒன்று 40 காட்டுகிறது, அடுத்தது 300ஐத் தாண்டுகிறது. ஒரே கடை, ஒரே வண்டி! அதிலும் மீட்டர் சொல்வது மொத்த உப்பைத்தான்; குழாயை அடைக்கிற கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதற்குச் சொட்டு விட்டு நிறம் பார்க்கிற கிட் தனியாக இருக்கிறது, மீன் தொட்டிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. மனிதர்களுக்கு அது சரி, மெஷின் தாங்காது. சரி, வெறும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றுவோம் என்றால் காப்பி சப்பென்று போய்விடுகிறது. கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சமாவது இருந்தால்தான் கொட்டையின் ருசி இறங்கும். இப்போது ஆர்ஓவில் கார்ப்பரேஷன் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, கிட்டில் 50, 60 வருகிற மாதிரி பாட்டிலில் பிடித்து வைக்கிறேன்.

இவ்வளவு திட்டிவிட்டுப் பாலைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆவின் பச்சை பாக்கெட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு ஊற்றணும். நீராவிக் குழாயின் நுனி பாலைத் தொட்டும் தொடாமலும் இருக்கையில் 'ஸ்ஸ்ஸ்' என்று சன்னமாகச் சத்தம் வரும். நாலைந்து விநாடி அதைக் கேட்டுவிட்டு நுனியை உள்ளே இறக்கிப் பாலைச் சுழலவிட்டால், பாத்திரம் கை பொறுக்காத சூட்டுக்கு வரும்போது பால் பளபளவென்று கனத்திருக்கும். 65 டிகிரிக்கு மேல் விட்டால் அந்த இனிப்பு போய்விடும். "காய்ச்சாத பாலையா குடுக்குற?" என்றாள் அம்மா. பாக்கெட் பால் 72 டிகிரியில் பதப்படுத்தித்தான் வருகிறது என்று சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை. காப்பி ஆறிப்போயிருக்கிறது என்று வேறு குறை. ஒருநாள் சீனியே போடாமல் கொடுத்தேன், தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகா, சிக்கரி கலக்காதது. டம்ளரைக் காலி பண்ணிவிட்டு, "சீனி கம்மியாப் போட்டிருக்க, பரவாயில்ல" என்றாள். அந்தப் பாலை இதுவரை எந்த அடுப்பிலும் என்னால் கொண்டுவர முடியவில்லை.

இதே மெஷின் இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று திண்டுக்கல் நண்பன் கேட்டான். அவன் வீட்டுப் போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே பெரும்பாடு. வேண்டாம் மாப்ள என்று சொல்லிவிட்டேன். நல்ல கொட்டையும் பித்தளை பில்டரும் வாங்கு, உப்பு படிந்தால் தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம் என்றேன். அப்படியென்றால் உன்னுடையதைப் பாதி விலைக்குக் கொடு என்கிறான். அதைக் கொடுப்பதாக இல்லை.