போஸ்ட்கிரெஸ் பேட்ச்: ரீஸ்டார்ட் யார் கையில்?

ஒரு வேலைநாள் காலை 11:40-க்கு ஒரு பில்லிங் மென்பொருள் நின்றுபோனது. மொத்தமே நாலைந்து நிமிடம்தான். ஆனால் கடைகளில் அது கூட்ட நேரம், போன் மேல் போன் வந்தது. லாகைப் புரட்டினால் ஹேக்கிங் இல்லை, டிஸ்க் நிரம்பவில்லை. சர்வரில் இருந்த உபுண்டு லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளைத் தானே அப்டேட் செய்து, தானே ரீஸ்டார்ட்டும் செய்திருந்தது. டேட்டாபேஸ் சில நொடிகளில் எழுந்துவிட்டது. செத்துப்போன இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு ஆப் அடம்பிடித்ததில்தான் மிச்ச நேரம் போனது.

உபுண்டுவின் தானியங்கி அப்டேட் டைமர் காலை 6 மணிக்கு மேல் 7 மணிக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த சர்வரின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தது. யூடிசி 6 மணி என்றால் நமக்கு 11:30. அந்த சர்வரை அமைத்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு போஸ்ட்கிரெஸுக்கு பேட்ச் போட எத்தனை வழி உண்டோ அத்தனையையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். எந்த வழியில் பேட்ச் சீக்கிரம் வருகிறது என்றுதான் பொதுவாக ஒப்பிடுவார்கள். எனக்கு இரண்டு கேள்விகள் முக்கியம். ரீஸ்டார்ட் எப்போது என்று முடிவு செய்வது யார்? வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பது யார்?

பேட்ச் வரும் தேதி முன்பே தெரியும் என்பது போஸ்ட்கிரெஸில் பெரிய வசதி. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாவது வியாழக்கிழமை, ஆதரவில் இருக்கும் எல்லா மேஜர் வெர்ஷன்களுக்கும் (16, 17 போல) ஒரே நாளில் புது மைனர் வெர்ஷன் (16.3, 17.1 போல) வரும். ஒரு மேஜர் வெர்ஷனுக்கு 5 ஆண்டு ஆதரவு. 16.2-லிருந்து 16.3-க்குப் போக டேட்டா முழுவதையும் வெளியே எடுத்து (டம்ப்) மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. சர்வரை நிறுத்தி, புரோகிராம் ஃபைல்களை மாற்றி, மறுபடி கிளப்பினால் போதும். ஆனால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பாதுகாப்புத் திருத்தமும் சாதாரண பக் திருத்தமும் ஒரே மூட்டையில்தான் வரும், எனக்குப் பாதுகாப்பு மட்டும் போதும் என்று கேட்க முடியாது.

டிஸ்ட்ரோ தரும் பேக்கேஜ்

டெபியன் 12-இல் போஸ்ட்கிரெஸ் 15, உபுண்டு 22.04-இல் 14, உபுண்டு 24.04-இல் 16. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம், அது தன்னோடு தரும் வெர்ஷனை அப்படியே வைத்துக்கொள்ளும் வழி இது. உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்கள் தானாக ஏறுவது நிறுவும்போதே இயக்கத்தில் இருக்கும். யாரும் தொடாவிட்டாலும் பேட்ச் ஏறிவிடும், பேக்கேஜே ரீஸ்டார்ட்டும் செய்துவிடும். இதைக் குறைத்துப் பேச மாட்டேன். கவனிக்க ஆளே இல்லாத சர்வர்தான் ஊரில் அதிகம். அங்கே பகல் நேரத்தில் சில நிமிடம் நிற்பதைவிட இரண்டு வருடம் பேட்ச் இல்லாமல் கிடப்பது பெரிய ஆபத்து.

இன்னொரு லாபமும் உண்டு. போஸ்ட்கிரெஸ் 14-க்கு அதன் சொந்தக் குழுவின் ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது. உபுண்டு 22.04-க்கோ 2027 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது. இடையில் இருக்கும் மாதங்களில் ஓட்டை வந்தால் அடைப்பது டிஸ்ட்ரோவின் பொறுப்பு.

இந்த வழியில் வெளியீட்டுக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. அதன் விலை என்ன என்பதற்கு 2024 மே மாதத்து 16.3 நல்ல உதாரணம். அதில் சிவிஇ-2024-4317 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) என்ற ஓட்டைக்குத் திருத்தம் இருந்தது. அடுத்தவர் உருவாக்கிய விரிவான புள்ளிவிவரங்களின் (டேபிளில் உள்ள டேட்டாவைப் பற்றி போஸ்ட்கிரெஸ் எடுத்துவைக்கும் சுருக்கம்) வழியாக, பார்க்க உரிமை இல்லாத மதிப்புகளை ஒரு சாதாரணப் பயனர் பார்த்துவிட முடியும் என்பது பிரச்சினை. அவற்றைக் காட்டும் வியூவின் திருத்தம், புதிதாக உருவாக்கும் கிளஸ்டருக்குத்தான் (ஒரு சர்வரின் மொத்த டேட்டாபேஸ் தொகுதி) தானாக வரும். ஏற்கெனவே ஓடும் டேட்டாபேஸ் ஒவ்வொன்றிலும், கூடவே தரப்பட்ட எஸ்கியூஎல் ஸ்கிரிப்டை நாமே ஓட்ட வேண்டும். தானியங்கி அப்டேட்டை நம்பி விட்டவர்களுக்கு வெர்ஷன் எண் 16.3 என்று காட்டும், ஸ்கேனரும் பச்சை காட்டிவிடும். ஓட்டை திறந்தே இருக்கும்.

2022 ஜூனில் வந்த 14.4-உம் இதே ரகம். சேவையை நிறுத்தாமல் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) கட்டும் வசதி, 14.0 முதல் 14.3 வரை இண்டெக்ஸைக் கெடுக்கக்கூடியதாக இருந்தது. பேட்ச் இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே கெட்டதை மறுபடி கட்டுவது நம் வேலை.

போஸ்ட்கிரெஸ் குழுவின் சொந்த ரிப்போ

பேக்கேஜ்களை இறக்கிக்கொள்ளும் இடம்தான் ரிப்போ, இதை பிஜிடிஜி ரிப்போ என்று சொல்வார்கள். ஆதரவில் இருக்கும் எந்த உபுண்டுவாக இருந்தாலும் ஆதரவில் உள்ள எல்லா மேஜர் வெர்ஷன்களும் இங்கே கிடைக்கும், வெளியீட்டு நாளன்றே பேக்கேஜ் வந்துவிடும். பழைய மைனர் வெர்ஷன்களுக்குத் தனியாக ஒரு காப்பக ரிப்போவும் உண்டு, திரும்பிப் போக வேண்டிய நாளில் அதன் அருமை தெரியும்.

பொறி எங்கே என்றால், உபுண்டுவின் தானியங்கி அப்டேட் தன் சொந்த ரிப்போக்களை மட்டும்தான் பார்க்கும். பிஜிடிஜியை அந்தப் பட்டியலில் நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. புது வெர்ஷன் வேண்டும் என்று ஒருவர் பிஜிடிஜிக்கு மாற்றிவிட்டுப் போவார். அடுத்து வந்தவர், ஆட்டோ அப்டேட்தான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார். கெர்னலுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கும் பேட்ச் ஏறிக்கொண்டே இருக்கும், டேட்டாபேஸ் மட்டும் நிறுவிய நாளில் இருந்த இடத்திலேயே நிற்கும். இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும், "அது தானா ஆகிடும் சார்" என்ற அதே பதில்.

இதைத் தெரிந்துகொண்டே கையால் பேட்ச் போடுகிறவர்களுக்கு இது பலம். நாளை நாமே தேர்ந்தெடுக்கலாம். எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதில்தான் சண்டை. வந்த அன்றே போட வேண்டும் என்பவர்களிடம் 2024 நவம்பரைச் சொல்வேன். 14-ஆம் தேதி 17.1 வந்தது. உள்ளே ஒரு டேட்டா அமைப்பின் அளவு மாறியதால், பழைய மைனர் வெர்ஷனுக்காகக் கம்பைல் செய்த சில எக்ஸ்டென்ஷன்கள் (போஸ்ட்கிரெஸோடு சேர்த்து ஓட்டும் கூடுதல் மென்பொருள்கள்), குறிப்பாக டைம்ஸ்கேல்டிபி, சிக்கலில் மாட்டின. 21-ஆம் தேதியே 17.2 வந்தது. அடுத்த சுற்றிலும் அதே கதை: 2025 பிப்ரவரி 13-இல் 17.3, அதன் பாதுகாப்புத் திருத்தமே ஒரு புதுக் கோளாறைக் கொண்டுவந்ததால் 20-ஆம் தேதி 17.4.

அதனால் ஒரு வாரம் பொறு என்பதுதான் என் வழக்கம். ஆனால் குறிப்பைப் படித்த பிறகுதான் பொறுக்க வேண்டும். 2013 ஏப்ரல் 4-ஐ மறக்கக் கூடாது. டேட்டாபேஸ் பெயர் ஒரு சிறு கோடோடு (-) ஆரம்பிக்கும்படி இணைப்பு கேட்டாலே போதும், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் சர்வரின் ஃபைல்களைக் கெடுக்கலாம் என்ற ஓட்டை அன்றுதான் அடைக்கப்பட்டது. விஷயம் கசியாமலிருக்க, போஸ்ட்கிரெஸ் குழு தன் சோர்ஸ் ரிப்போவின் பொது நகலுக்குப் புது மாற்றங்கள் போவதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது, முக்கியமான வெளியீடு வருகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தது. போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் அப்படிப்பட்ட பேட்சுக்கு ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது. லாகின் உரிமையும் டேபிள் உருவாக்கும் உரிமையும் இருந்தால்தான் தாக்க முடியும் என்ற ஓட்டைக்கு, உங்கள் டேட்டாபேஸில் ஒரே ஒரு ஆப்தான் லாகின் செய்கிறது என்றால், சனிக்கிழமை இரவு வரை பொறுக்கலாம்.

ரீஸ்டார்ட்டின் வலியைக் குறைக்கவும் இந்த வழியில்தான் இடம் அதிகம். பிரைமரி என்ற முதன்மை சர்வரைப் பின்தொடரும் மாற்று சர்வர் (ஸ்டாண்ட்பை) இருந்தால் முதலில் அதற்கு பேட்ச் போட வேண்டும். பழைய மைனர் வெர்ஷன் எழுதிய வால் லாகை (WAL, மாற்றங்களைப் பதியும் ஃபைல்) புதியது படித்துவிடும், மறுபக்கம் அவ்வளவு நிச்சயமில்லை. பிறகு பிரைமரியில் ஒரு செக்பாயின்ட் ஓட்டிவிட்டு (மெமரியில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டு) நிறுத்தினால் சீக்கிரம் நிற்கும். முன்னால் பிஜிபவுன்சர் (ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இணைப்புகளைக் கையாளும் கருவி) இருந்தால் அதைச் சற்று நிறுத்திவைத்து (PAUSE) ரீஸ்டார்ட் செய்யலாம். கேள்விகள் வரிசையில் காத்திருக்கும், ஆப்புக்கு அது சில நொடித் தாமதமாகத்தான் தெரியும். அந்தப் பில்லிங் சம்பவத்தில் இது மட்டும் இருந்திருந்தால் ஒரு போன்கூட வந்திருக்காது.

கன்டெய்னர்

போஸ்ட்கிரெஸையும் அதற்குத் தேவையானதையும் ஒரே பொட்டலமாகக் கட்டியது டாக்கர் இமேஜ், அதை ஓட்டுவது கன்டெய்னர். இமேஜை மாற்றுவது கேட்க எளிது: புது இமேஜை இழு, கன்டெய்னரை மறுபடி உருவாக்கு. பிரச்சினை வந்தால் பழைய டேகுக்கு (இமேஜின் வெர்ஷன் பெயர்) திரும்பு. திரும்பிப் போகும் சுகத்தில் இதை எதுவும் மிஞ்சாது.

ஆனால் இழுத்தால் மட்டும் ஓடும் கன்டெய்னர் மாறாது. மறுபடி உருவாக்காதவரை பழைய வெர்ஷன்தான் ஓடும். அப்புறம், டாக்கர் நிறுத்தும்போது 10 நொடிதான் பொறுக்கும், அதற்குள் போஸ்ட்கிரெஸ் ஒழுங்காக மூடாவிட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். டேட்டா போகாது. ஆனால் மறுபடி எழும்போது லாகிலிருந்து டேட்டாவைச் சரிசெய்யும் கிராஷ் ரெக்கவரி ஓடும், பெரிய டேட்டாபேஸில் அதற்கு நேரம் பிடிக்கும். அந்த 10 நொடியைக் கூட்டி வையுங்கள்.

இதைவிட நுட்பமான ஆபத்து இமேஜின் அடியில் இருக்கும் ஓஎஸ். 16 என்று மட்டும் டேக் கொடுத்தால், ஒருநாள் அதன் அடியில் உள்ள டெபியனே புது வெர்ஷனாக மாறிவிடும். எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி ஜிலிப்சி (glibc) என்ற லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் இருக்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையைப் பெரிய அளவில் மாற்றியது. பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸை புது வரிசையில் தேடினால், இருக்கும் ரெக்கார்டே இல்லை என்று சொல்லும், ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது (யூனிக்) என்று வைத்த நெடுவரிசையில் இரட்டை நுழையும். பாதுகாப்பு பேட்ச் போடப் போய் டேட்டாவைக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். டெபியன் பெயரையும் சேர்த்த டேகை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கிளவுடில் மேனேஜ்டு சேவை

அமேசான் ஆர்டிஎஸ் போன்றவை. பராமரிப்பு நேரத்தை நாம் தருகிறோம், மைனர் அப்டேட்டை அவர்கள் செய்கிறார்கள். நேரத்தைக் குறிப்பிடும் பெட்டியில் யூடிசி என்று எழுதியிருக்கும், அதை நான் இப்போது இரண்டு முறை படிக்கிறேன்.

மல்டி-ஏஇசட் (வேறு வேறு டேட்டா சென்டர்களில் பிரைமரியும் ஸ்டாண்ட்பையும்) வாங்கிவிட்டோம், ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான மல்டி-ஏஇசட் இன்ஸ்டன்ஸில் எஞ்சின் அப்டேட்டின்போது பிரைமரியும் ஸ்டாண்ட்பையும் ஒரே நேரத்தில்தான் மாறுகின்றன. சேவை நிற்கத்தான் செய்யும்.

அவர்கள் தொடாத ஒரு பாதியும் உண்டு. 2025 பிப்ரவரியின் சிவிஇ-2025-1094 சர்வரில் இல்லை, கிளையன்ட் நூலகமான லிப்பிகியூவிலும் பிஎஸ்கியூஎல் கருவியிலும் இருந்தது. தவறான என்கோடிங்கில் உள்ள எழுத்துகளை மேற்கோளுக்குள் அடக்கும் ஃபங்ஷன்கள் ஏமாந்துபோய், எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு (தாக்குபவர் தன் கட்டளையை டேட்டாபேஸில் நுழைப்பது) வழிவிட்டன. பியாண்ட்டிரஸ்ட் மென்பொருளின் ஒரு ஓட்டையை ஆராயும்போது ரேபிட்7 நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது. கிளவுட் நிறுவனம் சர்வருக்கு எத்தனை பேட்ச் போட்டாலும் உங்கள் ஆப் சர்வரில் இருக்கும் லிப்பிகியூ மாறாது. பைதானில் சைக்கோபிஜி2-பைனரி பேக்கேஜ் தனக்கென ஒரு லிப்பிகியூவை உள்ளேயே வைத்திருக்கும். ஓஎஸ்ஸில் அப்டேட் செய்தாலும் அதற்குத் தெரியாது, அந்தப் பேக்கேஜையே தனியாக உயர்த்த வேண்டும். மற்ற மூன்று வழிகளுக்கும் இது பொருந்தும். கிளவுடில்தான் இதை மறப்பது சுலபம், ஏனென்றால் மாதாமாதம் பணம் கட்டுகிறோமே!

ஆரக்கிளின் இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் பக்கம் இருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். ஆரக்கிளின் பேட்ச் மாதங்கள் வேறு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். 8.0 வரிசையில் மைனர் வெர்ஷனிலேயே புது வசதிகள் வந்தன, ஏறிய பிறகு இறங்க ஆதரவும் இல்லை. 2024 ஜூலையில் வந்த 8.0.38, பத்தாயிரத்துக்கு மேல் டேபிள் இருந்தால் ரீஸ்டார்ட்டில் எழாமல் விழுந்தது. அங்கே பேக்கப் எடுக்காமல் பேட்ச் போடுவது சூதாட்டம். நீண்டகால ஆதரவு (எல்டிஎஸ்) உள்ள 8.4 வந்த பிறகு நிலைமை தேவலை.

யாருக்கு எது?

டிபிஏ (டேட்டாபேஸைக் கவனிப்பவர்) என்று யாரும் இல்லாத சிறு கடைக்கு டிஸ்ட்ரோ பேக்கேஜும் தானியங்கி அப்டேட்டும்தான். டைமரை மட்டும் மாற்றுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கட்டும். பணம் இருந்து ஆள் இல்லாவிட்டால் மேனேஜ்டு. கன்டெய்னரை, மற்ற எல்லாமே ஏற்கெனவே கன்டெய்னரில் ஓடும் இடத்துக்கு மட்டும் சொல்வேன். டேட்டாபேஸுக்காக மட்டும் அங்கே போகாதீர்கள்.

ஒரு ஆளாவது இருந்தால் என் ஓட்டு பிஜிடிஜிக்குத்தான். அந்தப் பில்லிங் சர்வர் இப்போது அதில்தான் இருக்கிறது. வெளியீட்டு வியாழன் இரவு குறிப்பைப் படிக்கிறேன். அவசரம் இல்லையென்றால் அடுத்த வாரம் சனிக்கிழமை கடை அடைத்த பிறகு, முதலில் ஸ்டாண்ட்பை, பிறகு பிரைமரி. முடிந்ததும் பேக்கேஜ் பட்டியலைப் பார்ப்பதில்லை, டேட்டாபேஸுக்குள் லாகின் செய்து உன் வெர்ஷன் என்ன என்று அதையே கேட்கிறேன். கடிகாரம் இன்னும் யூடிசியில்தான் இருக்கிறது. டைமர் ஃபைலின் முதல் வரியில் மட்டும் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன்: இங்கே 22:00 என்றால் நமக்கு விடியற்காலை 3:30.